உறைபனியும் ஊர்க் குழாயும்

ஊர்க் குழாய் உடைந்துவிட்டது என்று நம் பக்கத்தில் யாரேனும் சொன்னால், அதன்மேல் பாரவண்டி ஏறியிருக்கும், அல்லது துருப்பிடித்து இற்றுப் போயிருக்கும் என்றே நாம் எண்ணுவோம். வெறும் குளிர் ஒரு குழாயை உடைத்துவிடும் என்பது நம்மில் பலருக்குப் புதுமையான செய்தியாகவே தோன்றும். ஆனால் குளிர் நாடுகளில் மாரிக்காலம் நெருங்கும்போதெல்லாம் குடியானவர் உள்ளத்தில் எழும் முதற் கவலைகளுள் இதுவும் ஒன்று. வீட்டுக்கு வெளியே, தொழுவத்தின் சுவரோரத்திலும் மேய்ச்சல் நிலத்தின் வேலியோரத்திலும் செல்லும் குழாய்கள் ஓர் இரவில் உறைகின்றன; பனி இளகும் நாளில் அவை வெடித்திருப்பது தெரிகிறது.

இதை நம் பத்திரிகையில் எடுத்துப் பேசுவதற்குத் தக்க காரணம் உண்டு. இவ்விடர் ஒரு முறை ஒரு நாடு முழுவதையும் பற்றியபோது, அதை நேருக்கு நேர் சந்தித்தவர்களில் பல்லாயிரவர் நம்மைப் போன்ற கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள். அந்த நாடு அயர்லாந்து. 1889-ஆம் ஆண்டில் லிமெரிக் மாவட்டத்தைச் சேர்ந்த டிரம்காலகர் என்னும் ஊரில் முதற் கூட்டுறவு வெண்ணெய் நிலையம் தோன்றிய நாடு அது. ஹொரேஸ் பிளங்கெட் 1894-இல் விவசாயச் சங்கங்களை ஓர் அமைப்பின்கீழ் ஒன்று சேர்த்த வரலாறு கூட்டுறவாளர் பலர் அறிந்ததே. அந்நாட்டுக் கிராமவாசிகள் பாலுக்கும் வெண்ணெய்க்கும் மட்டுமன்றிக் குடிநீருக்கும் சங்கம் கண்டவர்கள் என்பது அந்த அளவுக்குப் பரவாத செய்தி.

வாளியிலிருந்து குழாய்க்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அயர்லாந்தின் கிராம வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் குழாய்நீர் கிடையாது. கிணற்றிலிருந்தும் ஊற்றிலிருந்தும் பெண்கள் வாளிகளில் சுமந்து வந்த நீரே சமையலுக்கும் குளிப்பதற்கும் ஆயிற்று. 1946 முதல் மின்சாரம் கிராமங்களுக்குள் நுழையத் தொடங்கியதும் நீர் இறைக்கும் பொறிகளை இயக்க வழி பிறந்தது. 1910-இல் தொடங்கப்பெற்ற கிராமப் பெண்கள் சங்கமும், ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய்நீர் வேண்டுமென்று 1960-களில் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது.

சர்க்கார் எல்லா இடங்களுக்கும் குழாய் இட்டு முடிக்கும் வரை காத்திருக்க மனமில்லாத ஊர்களில், அண்டை வீட்டார் ஒன்று கூடினார்கள். ஒரு குளத்தையோ ஊற்றையோ தேர்ந்துகொண்டு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு, சர்க்கார் மானியத்தையும் பெற்று, பள்ளம் வெட்டும் வேலையைத் தாங்களே செய்து குழாய் புதைத்தார்கள். சொந்த ஊற்று இல்லாத ஊரார் பொது விநியோகத்திலிருந்து மொத்தமாக நீர் வாங்கித் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். இவ்வாறு அமைந்த நீர்க் குழுக்களில் பல, பிற்காலத்தில் முறைப்படி கூட்டுறவுச் சங்கங்களாகப் பதிவு செய்யப்பெற்றன. அவற்றுக்கென ஒரு தேசியச் சம்மேளனமும் 1997-இல் தோன்றியது.

இச்சங்கங்களின் குழாய் வீட்டு அடுப்பங்கரையோடு நிற்பதில்லை. அங்கத்தினர்களில் மிகப் பலர் மாடு வளர்ப்போர். கறவைப் பசு ஒன்று நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேலும் நீர் குடிக்கும். ஆகவே ஒவ்வொரு பண்ணையிலும், வீட்டுக் குழாயினும் பல மடங்கு நீளமான குழாய், வயல் வயலாகச் சென்று தண்ணீர்த் தொட்டிகளை நிரப்புகிறது. அயர்லாந்தின் சீதோஷ்ணம் மிதமானது; கடுங்குளிர் அங்கே அடிக்கடி வருவதில்லை. எனவே வயற்குழாய்களைப் பலர் ஆழமாகப் புதைக்கவில்லை. சில இடங்களில் அவை வேலியோரத்துப் புல்லின்மேலேயே கிடந்தன. பல்லாண்டுகள் அதனால் ஒரு தீங்கும் நேரவில்லை. தீங்கு நேராத காலம் நீளமாக இருந்தால் எச்சரிக்கை மறந்துபோவது மனித இயல்பு.

2010 டிசம்பர்

2010 நவம்பர் மாத இறுதியில் வடக்கிலிருந்து கடுங்குளிர் இறங்கியது. இடையிலே சில நாட்கள் சற்றுத் தணிந்து, டிசம்பர் நடுவில் முன்னிலும் மும்முரமாகத் திரும்பி வந்தது. டிசம்பர் 23-ஆம் தேதி வட அயர்லாந்தின் காஸில்டெர்க்கில் உஷ்ணநிலை உறைநிலைக்குக் கீழே 18.7 டிகிரிக்குச் சென்றது. டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் தினத்தன்று, தெற்கே மாயோ மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ட்ரேட் என்னும் ஊரில் உறைநிலைக்குக் கீழே 17.5 டிகிரி பதிவாயிற்று. சாதாரண டிசம்பரில் இரவில்கூட உறைநிலைக்குச் சற்று மேலேயே நிற்கும் நாட்டில் இது எத்தகைய குளிர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

வயல் தொட்டிகளில் பனிக்கட்டி கனமாகப் படிந்தது. தொழுவத்துக் குழாயைத் திருகினால் காற்றுகூட வரவில்லை. தொழுவத்தில் மாடுகள் தாகத்தால் கத்த, குடியானவர்கள் எங்கே நீர் கிடைக்கிறதோ அங்கிருந்து டிராக்டரில் தொட்டி கட்டிச் சுமந்தார்கள். எனினும் உண்மையான சேதம் இன்னும் வெளியே தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முதல் குளிர் இளகிற்று. மக்கள் பெருமூச்சு விட்டார்கள். அப்பொழுதுதான் மண்ணுக்குள்ளும் சுவரோரத்திலும் ஆயிரக்கணக்கான வெடிப்புகள் ஒரே சமயத்தில் வாய் திறந்தன. பண்டிகைக்காகப் பூட்டிக் கிடந்த வீடுகளிலும் ஆளில்லாத கட்டிடங்களிலும் நீர் கேட்பாரற்று ஓடிற்று. நீர்த்தேக்கங்கள் மடமடவென்று வற்றின. வட அயர்லாந்தில் மட்டும் பல்லாயிரக்கணக்கான வீடுகள் நாட்கணக்கில் நீரின்றித் தவித்தன. புட்டி நீர் கடல் கடந்து ஸ்காட்லாந்திலிருந்து வர நேர்ந்தது. சுற்றிலும் பனி உருகி நீராய் ஓடிக்கொண்டிருக்க, வீட்டுக் குழாயில் மட்டும் நீர் இல்லை.

உடைப்பது எது?

குளிரில் எல்லாப் பொருள்களும் சுருங்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நீரும் 4 டிகிரி வரை அவ்வாறே சுருங்குகிறது. அதற்குக் கீழே சென்றால் அது சிறிது சிறிதாக விரிகிறது. பனிக்கட்டியாக மாறும்போது கன அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருகுகிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பது இதனால்தான்.

இவ்விரிவின் வலிமையை 1784-85 மாரிக்காலத்தில் கனடாவின் கியூபெக் நகரில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப்படை மேஜர் சோதித்துப் பார்த்தார். உள்ளே வெற்றிடமுள்ள இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பி, வாயை இரும்பு அடைப்பானால் இறுக அடைத்து, வெளியே குளிரில் வைத்தார். சிலவற்றில் அடைப்பான் துப்பாக்கிக் குண்டு போலத் தெறித்து நெடுந்தூரம் சென்று விழுந்தது. அடைப்பான் அசையாமல் நின்றவற்றில் இரும்புக் குண்டே பிளந்தது.

குழாயில் நடப்பதும் இதுவே. ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. பனிக்கட்டி உருவான இடத்திலேயே குழாய் உடைய வேண்டும் என்பதில்லை. குழாயின் நடுவில், குளிர்காற்று நன்கு படும் ஓரிடத்தில், முதலில் ஒரு பனிக்கட்டி அடைப்பு ஏற்படுகிறது. அது நீள நீள, இருபுறத்து நீரையும் தள்ளுகிறது. ஊர்க் குழாயின் பக்கம் தள்ளப்பட்ட நீர் பின்வாங்கிச் சென்றுவிடும். அங்கே அதற்கு இடமுண்டு. மூடிய திருகுகுழாயின் பக்கம் தள்ளப்பட்ட நீருக்குப் போக்கிடமில்லை. அடைப்புக்கும் திருகுக்கும் நடுவே சிறைப்பட்ட அந்த நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், அப்பகுதியில் எது பலவீனமான இடமோ அதைப் பிளக்கிறது. இரும்புக் குழாய் பெரும்பாலும் நெடுக்காகக் கீறும். செம்புக் குழாய் முதலில் வீங்கிப் பிறகு கிழியும். பித்தளைத் திருகும் மிதவை வால்வும் விரிசல் விடும். இக்காலத்துப் பாலிதீன் குழாய் ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும். ஆனால் அதன் இணைப்புகள் கழன்றுவிடும்.

ஆகவே குழாயைக் கெடுப்பது குளிர் மட்டும் அன்று. குளிருக்குள் அடைபட்ட நீர். நீரில்லாத குழாய் எத்தகைய குளிரையும் தாங்கும். திறந்திருக்கும் குழாயும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

குழாய் இரவிலே உடைந்தாலும் உடனே நீர் கசிவதில்லை. எந்தப் பனிக்கட்டி அதை உடைக்கக் காரணமாயிற்றோ, அதே பனிக்கட்டி தக்கை போல நின்று நீரை மறிக்கிறது. வெயில் வந்து தக்கை உருகியதும் நீர் பீறிடுகிறது. பனி இளகியதைக் கண்டு மக்கள் மகிழ்ந்த நாளே அவர்களுடைய நீர்த்தேக்கம் வற்றத் தொடங்கிய நாளாகவும் இருந்ததன் இரகசியம் இதுதான்.

இன்னொரு கணக்கும் நினைவில் இருக்க வேண்டும். ஒரு கிலோ நீரை 20 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் குளிர்விக்க, அதிலிருந்து 20 கிலோகலோரி வெப்பம் வெளியேற வேண்டும். அதே நீர் 0 டிகிரியிலேயே பனிக்கட்டியாக மாறுவதற்கோ மேலும் 80 கிலோகலோரி வெளியேற வேண்டும். ஆதலால் விடியற்காலையில் ஓரிரு மணி நேரம் உஷ்ணநிலை 0-வைத் தொட்டு மீள்வதால் குழாய் எளிதில் வெடித்துவிடாது. கடுங்குளிர் இரவு பகலாக நீடிக்கும்போதே ஆபத்து முற்றுகிறது. அப்போதும் சிறு குழாய் முதலில் உறையும், பெருங்குழாய் பின்னர் உறையும்.

அவரவர் நலமும் ஊர் நலமும்

ஓடும் நீர் எளிதில் உறையாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. திருகைச் சிறிது திறந்து நீரை நூலிழையாக ஓடவிட்டால், புதுநீர் வந்துகொண்டிருப்பதால் உறைவது தாமதமாகும், அழுத்தமும் ஏறாது. ஒரு வீட்டுக்கு இது நல்ல உபாயம். ஊரிலுள்ள எல்லா வீடுகளும் இதைச் செய்தால் என்ன ஆகும்?

300 வீடுகள் கொண்ட ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். வீடு ஒன்றுக்கு நாளைக்கு 450 லிட்டர் என்று வைத்தால், ஊரின் ஒரு நாள் தேவை 1,35,000 லிட்டர். ஒவ்வொரு வீட்டாரும் நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் வீதம் இரவு 12 மணி நேரம் ஓடவிட்டால் 2,16,000 லிட்டர் சாக்கடைக்குப் போகும். பகலெல்லாம் ஊரார் குடித்துக் குளித்துச் சமைத்துச் செலவிடும் நீரைக் காட்டிலும், தூங்கும்போது கொட்டிய நீர் அதிகம்! மேட்டிலுள்ள தொட்டி காலியாகிவிடும். தொட்டி காலியானால் குழாயில் ஓட்டம் நிற்கும். ஓட்டம் நின்றால் எதைத் தடுக்க நீரை ஓடவிட்டார்களோ அந்த உறைதலே, முதலில் மேட்டுத் தெருவிலும் கடைக்கோடி வீடுகளிலும், வந்து சேரும்.

2010-இல் அயர்லாந்தில் இது கணக்கோடு நிற்கவில்லை; நடந்தே விட்டது. குழாய்களைத் திறந்துவிடாதீர்கள் என்று அதிகாரிகள் மன்றாடினார்கள். டப்ளின் உள்ளிட்ட இடங்களில் இரவில் அழுத்தத்தைக் குறைக்கவும் விநியோகத்தை நிறுத்தவும் வேண்டியதாயிற்று. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தைக் கடுங்குளிர் தாக்கியபோதும் இதே கதை. மின்சாரமும் இல்லாமல் மக்கள் நடுங்கிக்கொண்டிருந்த ஹூஸ்டன் நகரில், குழாயைக் காப்பதற்காக நீரைச் சொட்டவிட வேண்டாம் என்று நகரத் தலைவரே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

தன் வீட்டுக் குழாயைக் காக்க நினைத்தவர் கெட்டவர் அல்லர். ஒவ்வொருவரும் தமக்கு நியாயமாகத் தோன்றியதையே செய்தார்கள். எல்லாம் சேர்ந்து எல்லாரையும் வருத்திற்று. பொதுக் குழாயில் தனித்தனி உபாயம் போதாது. ஊருக்கு ஒரே ஏற்பாடு வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

குளிருக்கு முன்னே

அந்த ஏற்பாட்டின் முதற்படி, தேவையில்லாத குழாயிலிருந்து நீரை வெளியேற்றிவிடுவது. அயர்லாந்தில் மாரிக்காலத்தில் மாடுகள் பெரும்பாலும் தொழுவத்திலேயே அடைக்கப்பட்டிருக்கும். வயல் தொட்டிகளுக்கு அப்போது வேலையே இல்லை. ஆயினும் அவற்றுக்குச் செல்லும் குழாய்கள் பழக்கத்தினால் நீர் நிறைந்தே கிடக்கின்றன. மாடுகள் தொழுவம் சேர்ந்த அன்றே வயற்குழாயின் வால்வை மூடி, தாழ்ந்த கோடியைத் திறந்து, நீரை வடித்துவிட்டால் அப்பகுதியைப் பற்றி வசந்தம் வரை கவலையில்லை. செலவும் இல்லை.

வீட்டுச் சுவரின் வெளிப்புறக் குழாய்க்கும் இதே முறை. உட்புறத்தில் அதற்கென ஒரு வால்வு இருக்க வேண்டும். அதை மூடிவிட்டு வெளித்திருகைத் திறந்து நீர் வடிந்த பின், அதைத் திறந்த நிலையிலேயே விட்டுவைக்க வேண்டும். அதில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றிவிடுவது அவசியம். அதில் தேங்கிய நீர் திருகையும் கெடுக்கும்.

குளிர்காலத்திலும் வெளியே நீர் வேண்டுமென்றால், அமெரிக்கப் பண்ணைகளில் வழங்கும் ஓர் அமைப்பு உண்டு. பார்வைக்கு அது சாதாரண நிலைக்குழாய். ஆனால் அதன் வால்வு மேலே இல்லை. உறைபனி எட்டாத ஆழத்தில், நீண்ட கம்பியின் நுனியில், மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மூடியவுடன் மேற்பகுதியில் நிற்கும் நீர், அடியிலுள்ள சிறு துவாரம் வழியாக வெளியேறிச் சரளைக்கல் குழியில் இறங்கிவிடும். அச்சரளைக் குழி சேற்றால் அடைபடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஆழம். மேல்மண் உறைந்தாலும் கீழ்மண் பூமியின் வெப்பத்தைக் காத்து வைத்திருக்கிறது. பிரிட்டனின் விதிகள் வீட்டுக்குச் செல்லும் குழாயை 750 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை அடி, ஆழத்துக்குக் குறையாமல் புதைக்கச் சொல்கின்றன. கடுங்குளிர்ப் பிரதேசங்களில் இன்னும் ஆழம் வேண்டும். ஆழத்தில் ஒழுங்காகச் செல்லும் குழாயும் தொட்டியருகே மண்ணைவிட்டு மேலே ஏறும் அந்த ஒரு முழத்தில்தான் அகப்பட்டுக்கொள்கிறது. கவனம் முழுவதும் அங்கே செல்ல வேண்டும்.

மூன்றாவது, போர்வை. முன்னாளில் வைக்கோலும் சாக்கும் சுற்றினார்கள். இப்போது நுரை ரப்பர் உறைகள் கிடைக்கின்றன. போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் வெப்பம் போவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. நீர் ஓடாமல் நாட்கணக்கில் நிற்குமானால் போர்வைக்குள்ளும் அது உறையும். போர்வை நனைந்தால் பயன் போயிற்று. ஆகவே அதன்மேல் நீர் புகாத உறையொன்று வேண்டும். முழங்கையிலும் வால்விலும் இடைவெளி விட்டுச் சுற்றினால் குளிர் அவ்விடத்தையே தேடிப் பிடிக்கும்.

உறைந்த பின்னும் உடைந்த பின்னும்

குழாய் உறைந்துவிட்டது என்று தெரிந்தால், முதலில் திருகைத் திறந்துவிட வேண்டும். உருகும் நீருக்கு வழி வேண்டும். பின்னர், திருகின் பக்கத்திலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாகப் பின்னோக்கி வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுப்பது போலச் சூடேற்ற வேண்டும். நடுவில் சூடேற்றினால் இருபுறத்துப் பனிக்கட்டிக்கும் இடையே சூடான நீர் அகப்பட்டுப் புது வெடிப்பை உண்டாக்கலாம். நெருப்புச் சுடரைக் காட்டலாகாது: பிளாஸ்டிக் குழாய் உருகும், போர்வை பற்றிக்கொள்ளும், அருகில் வைக்கோல் போர் இருந்தால் பண்ணையே போய்விடும். கொதிநீரைச் சட்டென ஊற்றினால் பித்தளைத் திருகு விரிசல் விடக்கூடும்.

குழாய் வெடித்தது கண்டால் வேறெதற்கும் முன் வால்வை மூடுவதே முதற் கடமை. இங்கேதான் பல வீட்டார் திண்டாடுகிறார்கள். வால்வு எங்கே இருக்கிறது என்று குடும்பத் தலைவருக்குத் தெரியும். அவரோ வெளியூரில் இருப்பார். வால்வு மண்ணுக்குள் புதைந்திருக்கும். அல்லது பத்து வருஷம் திருகாததால் இறுகியிருக்கும். வெடித்த பகுதியை அறுத்தெடுத்துவிட்டுப் புதுத்துண்டைக் கப்ளிங் போட்டு இணைப்பது அரை மணி நேர வேலை. வால்வைத் தேடுவதே அரை நாள் வேலையாகி, அதுவரை நீர் ஓடிக்கொண்டிருக்கும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் போகும் ஒரு வெடிப்பு, ஒரு நாளில் 14,400 லிட்டரை விழுங்கும்; மேலே சொன்ன கணக்குப்படி அது 32 வீடுகளின் அன்றாட நீர்.

இரவில் பேசும் மானி

ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டிலும் நேர்ந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். வயலின் அடியில் நேர்ந்த வெடிப்பை யார் காண்பது? இங்கேதான் சங்கத்தின் பணி தொடங்குகிறது.

அக்காலத்தில் அயர்லாந்தின் பொது விநியோகத்தில் வீடுகளுக்கு மானி இல்லை. கூட்டுறவு நீர்ச் சங்கங்கள் பலவோ அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் மானி வைத்திருந்தன. அதிகம் செலவழிப்பவர் அதிகம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் அதன் பயன் அன்று. ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெருமானி இருந்தால், இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே அதைப் பார்த்தால் போதும். ஊர் உறங்கும் வேளையில் ஓடும் நீர் பெரும்பாலும் கசிவு நீரே. எந்தப் பகுதியில் இரவு ஓட்டம் திடீரென ஏறியிருக்கிறதோ, அங்கே வெடிப்பு இருக்கிறது என்று பொருள். பின்னர் அப்பகுதியின் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி மூடிப் பார்த்து இடத்தைச் சுருக்கலாம். கம்பியின் ஒரு நுனியை வால்விலும் மறு நுனியைக் காதிலும் வைத்து, நீர் சீறும் ஓசையைக் கேட்டுத் தேடும் பழைய முறையும் இன்றுவரை பயனுள்ளதே.

மானியும் கம்பியும் இருந்தால் மட்டும் போதாது. இரவில் எழுந்து போக ஆள் வேண்டும். அச்சங்கங்களுக்கு இருந்த பெருஞ்செல்வம், குழாயைப் புதைத்தவர்களும் நீரைக் குடித்தவர்களும் ஒரே ஊரார் என்பது. எந்த வேலியின் கீழே குழாய் போகிறது, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்ல அங்கே தலைநகரத்து அலுவலகம் தேவையில்லை. ஆனால் குழாய் இட்ட தலைமுறையினர் மறைய மறைய அந்த அறிவும் அவர்களோடு மறைந்துவிடும். அதைக் காகிதத்தில் வரைபடமாக்கிச் சங்க அலுவலகத்தில் வைத்தால் ஒழிய அது சங்கத்தின் சொத்து ஆகாது.

நமக்கு

நம் மாநிலத்தில் உறைபனி காணும் இடங்கள் நீலகிரியும் கொடைக்கானல் மலையும் போன்ற சிலவே. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உதகைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் விடியற்காலைப் புல்வெளி வெள்ளை வேட்டி விரித்தாற்போல் தோன்றுவதையும், தேயிலைக் கொழுந்தும் காய்கறிப் பயிரும் அதனால் கருகுவதையும் மலைநாட்டு அங்கத்தினர்கள் அறிவார்கள். வெயில் ஏறியதும் பனி விலகிவிடுவதால் அங்கே ஊர்க் குழாய்கள் வெடிக்கும் நிலை பொதுவாக ஏற்படுவதில்லை. எனினும் தோட்டத்தில் தரைமேல் கிடக்கும் தெளிப்புநீர்க் குழாய்களையும் சிறு ரப்பர் குழாய்களையும் மாலையில் வடித்து வைப்பது நல்லது. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சமவெளியிலுள்ள நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் உறைபனி வரப்போவதில்லை. ஆனால் குழாய் நம்மிடமும் இருக்கிறது. சாயச்சாலைக்கு நீர் கொண்டுவரும் குழாயின் வால்வு எங்கே என்று, அதைத் திருகும் ஒரே ஊழியர் விடுப்பில் போன அன்று, சங்கத்தில் வேறு யாருக்குத் தெரியும்? கிணற்றிலிருந்து வயலுக்குப் போகும் பூமிக்கடியிலுள்ள குழாயின் வழி எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது? கடைசியாக அவ்வால்வைத் திருகிப் பார்த்தது எப்பொழுது? அயர்லாந்து மக்களை 2010-இல் வாட்டியது குளிர்தான். ஆயினும் அவர்கள் துன்பத்தை நீட்டியது இக்கேள்விகளுக்கு விடை இல்லாமையே. நம்மிடம் குளிருக்குப் பதில் வேறொரு காரணம் வரும். கேள்விகள் இவையாகவே இருக்கும்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதில் பயனில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்று வரி சேர்த்தால் போதும். குழாய் செல்லும் வழியின் படம் வரைந்து அலுவலகச் சுவரில் மாட்டுவது. ஒவ்வொரு வால்வையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருகிப் பார்ப்பது. காரியதரிசியைத் தவிர இன்னும் இருவருக்காவது அவற்றின் இடத்தைக் காட்டி வைப்பது. ஒரு நாள் இரவில் நீர் பீறிடும்போது, இருட்டில் நேராகச் சென்று வால்வை மூடக்கூடிய ஒருவர் ஊரில் இருந்தால், அதற்கு இந்த மூன்று வரிகளே காரணமாக இருக்கும்.